பழவேற்காடு: கண்டுவரத்தக்க கழிக்கரை ஊர்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கேனும் சென்றுவர வேண்டும் என்னும் விருப்பம் இன்று எல்லா இல்லங்களிலும் எழுகின்றது. சென்னையில் வாழ்வோர் பெரும்பாலும் தெற்கு நோக்கியே புறப்படுவர். மாமல்லபுரத்துச் சிற்பங்கள், முட்டுக்காட்டுப் படகுகள், வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடற்கரை மணலில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகள், கட்டணம் பெற்றுக் களிப்பூட்டும் பூங்காக்கள் என அத்திசையில் காண்பதற்குப் பல உள்ளன. வடக்கு நோக்கிப் புறப்படுவோர் சிலரே. ஆயினும் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்கு அப்பால், பழவேற்காடு என்னும் சிற்றூர் ஓர் ஏரியின் தென்கரையில் அமைந்துள்ளது. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக் காணும் காட்சிகள் இல்லை. பறவையும் படகும், கல்லறையும் கோயிலும், பள்ளிவாசலும் மீன்சந்தையும் மக்கள் வாழ்வோடு கலந்து நிற்கின்றன. அவற்றுள் எவை காணத்தக்கன என்பதையும், அவற்றை எம்மனநிலையோடு காணவேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் பெயரும்

பழவேற்காடு என்னும் பெயருக்கு அறிஞரும் ஊராரும் பலவாறு பொருள் கூறுவர். பழமையான வேலமரக் காடு என்பது ஒரு கருத்து. வேர்கள் வெளியே தெரிய நிற்கும் அலையாத்தி மரங்களை எண்ணி, வேர்க்காடு எனப் பிரித்துக் காண்பார் வேறு சிலர். தெலுங்கு வழக்கில் இவ்வேரிக்குப் பிரளயகாவேரி என்னும் பெயரும் உண்டு. விசயநகரப் பேரரசின் காலத்தில் இவ்வூர் ஆனந்தராயன் பட்டினம் என வழங்கியது. ஐரோப்பியர் நாவில் இது ‘புலிகாட்’ ஆயிற்று. ஓர் ஊருக்குப் பல மொழியினர் பல பெயர் இட்டு வழங்கினர் எனின், அவ்வூர் பலரும் வந்துசென்ற இடம் என்பது தானே விளங்கும்.

கழியும் கானலும்

தொல்காப்பியர் வகுத்த ஐந்திணைகளுள் நெய்தலைக் கற்பிக்கும்பொழுது கழி, கானல், பரதவர், உமணர், புன்னை, தாழை என்னும் சொற்களை மாணவர்க்கு நாம் எடுத்துரைக்கின்றோம். நகரத்தில் பிறந்து வளர்ந்த மாணவருள் பலர் கழி என்பதைக் கண்ணால் கண்டறியார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அரைநாள் நின்றால் அச்சொல்லின் பொருள் விளங்கும்.

ஏரி என்று நாம் அழைப்பினும் இது மழைநீர் தேங்கும் ஏரி அன்று. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் கழி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடியில் அமைந்த சிறுபகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. தெற்கிலிருந்து ஆரணியாறும் வடமேற்கிலிருந்து காளங்கியாறும் இதில் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்ட கரையாக நின்று ஏரியை வங்கக் கடலினின்றும் பிரிக்கின்றது. ஊருக்கு அருகே உள்ள முகத்துவாரம் கடலும் கழியும் கலக்கும் வாயிலாகும்.

இந்த வாயிலே ஏரியின் உயிர்நிலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொணர்ந்து சேர்ப்பதால் ஏரியின் உப்புத்தன்மை குறைகின்றது. கோடையில் நீர் ஆவியாகிக் குறைய, சில இடங்களில் ஏரிநீர் கடல்நீரினும் உவர்ப்பு மிகுந்ததாக மாறுகின்றது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுந்து, இரை மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவம் எய்தியபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்களும் சேற்று நண்டும் இக்கழியை நம்பியே வாழ்கின்றன. அலைகள் கொணரும் மணல் வாயிலை அடைத்துவிடுமாயின் இப்போக்குவரத்து நின்றுபோகும், மீன்வளம் குன்றும். முகத்துவாரம் தூர்ந்து போகாமல் நிலையாகத் திறந்திருக்கவேண்டும் என்று மீனவர் நெடுங்காலமாகக் கோரிவருவதன் காரணம் இதுவேயாகும்.

பூநாரைகள்

ஏரியின் ஆழம் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவினதே. ஆழமின்மையே பறவைகளை இங்கு அழைக்கின்றது. மழைக்காலத்தை ஒட்டித் தொடங்கி மார்ச்சு வரையிலும் பூநாரை, கூழைக்கடா, செங்கால் நாரை, உள்ளான், ஆலா முதலிய பறவைகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் ஆந்திரப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரும் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றன. ஆந்திரப் பகுதியில் சூலூர்ப்பேட்டையை நடுவாகக் கொண்டு 2001 முதல் பூநாரை விழா நடைபெற்று வருகின்றது.

பூநாரையைக் கண்டதும் சத்திமுத்தப் புலவரின் நாரை சிலர்க்கு நினைவுக்கு வரக்கூடும். ஆயின் புலவர் பாடிய பறவை நேரான நீண்ட அலகுடையது. பூநாரையின் அலகோ நடுவில் கீழ்நோக்கி வளைந்தது. அது தலையைத் தலைகீழாகத் தாழ்த்தி, அலகை நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சி வெளித்தள்ளிச் சிற்றுயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்கின்றது. அவ்வுணவில் அமைந்த நிறப்பொருளே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு வண்ணத்தைத் தருகின்றது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தனவாகவே இருக்கும். குசராத்தின் கட்சுப் பாலைநிலத்தில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடுகட்டி இனம் பெருக்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு இவற்றைத் தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியே காட்டுதல் வேண்டும். படகை அருகே செலுத்தியும் கூச்சலிட்டும் அவற்றைப் பறக்கச் செய்து மகிழ்வது, உண்ணும் உயிரின் முன்னிருந்து உணவைப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

வாணிகச் சுவடுகள்

விசயநகர மன்னர் காலத்தில் பழவேற்காடு சோழமண்டலக் கரையின் சிறந்த துறைகளுள் ஒன்றாக விளங்கியது. உள்நாட்டில் நெய்த வண்ணத் துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் சென்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரும், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தராகிய டச்சுக்காரரும் இவ்வாணிகத்தை நாடியே வந்தனர். ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை இங்குக் கட்டினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்தம் ஆட்சிக்கு இவ்வூரே தலைமையிடமாக இருந்தது. 1825இல் இவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அந்தக் கோட்டை இன்று இல்லை. புதர் மூடிய மேடும் அகழியின் சுவடுமே எஞ்சியுள்ளன. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்னிலையில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. உள்ளே கருங்கற் பலகைகளில் குலச்சின்னங்களும் ஒல்லாந்த மொழி எழுத்துகளும் ஆழ்ந்த நேர்த்தியுடன் பொறிக்கப்பெற்றுள்ளன. தொலைநாட்டிலிருந்து பொருள் தேடி வந்து இளமையிலேயே மாண்டோர் பலர் இங்கே உறங்குகின்றனர்.

கல்லறைகளின் அழகைக் கண்டு வியப்போர் கல்லறையே பெறாதவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டியபொழுது, பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டோர் பல்லாயிரவர். அவர்களை ஒல்லாந்தக் கும்பினியார் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியா முதலிய கிழக்கு நாடுகளுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினர். அவ்வணிகத்தின் தலையாய துறைகளுள் பழவேற்காடும் ஒன்று. கப்பலேறிய தமிழர், தெலுங்கர்தம் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை. இவ்வுண்மையையும் சேர்த்துச் சொல்லும்பொழுதுதான் பிள்ளைகளுக்கு வரலாறு முழுமையாக விளங்கும்.

இவ்வாணிகத்தின் இன்னொரு சுவடு நம் இல்லங்களிலேயே உள்ளது. கட்டமிட்ட லுங்கியைப் ‘பளையக்காட்’ லுங்கி என்று நம் முன்னோர் வழங்கினர். அது பழவேற்காடு என்னும் பெயரின் திரிபே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முஸ்லிம் ஆடவர் தொழுகைக்கும் வீட்டிலும் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்பது பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. துறைமுகம் தூர்ந்தபின்னும் ஊரின் பெயர் கடல்கடந்த நாடுகளில் அன்றாட வழக்கில் வாழ்ந்து கொண்டிருக்கின்றது.

பள்ளிவாசலும் கோயிலும்

அரபு வணிகர் வழிவந்த முஸ்லிம்கள் இவ்வூரின் பழங்குடிகளுள் ஒரு பகுதியினர். அரபு நாட்டிலிருந்து நான்கு மரக்கலங்களில் புறப்பட்டு வந்தோர் இக்கரையில் தங்கினர் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செவிவழிச் செய்தி. கீழக்கரை, காயல்பட்டினம் போன்றே இவ்வூரிலும் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழக்கு இருந்தது. தமிழ்த்துறை மாணவர் ஆராய்வதற்குரிய நல்ல களம் இது. பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டும் காணத்தக்கன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறியப் பயன்பட்ட கதிரவக் கடிகை ஒன்று உண்டு. நிழலின் நகர்வைக் கொண்டு பொழுதை அளந்த அதன் நுட்பத்தை அறிவியல் பயிலும் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்டலாம்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் சமயீசுவரர் கோயிலும் விசயநகரக் காலத்தன. செம்பூரான் கல்லால் எழுந்த பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பெற்றுள்ளன. போர்ச்சுகீசியர் வருகையோடு தொடர்புடைய மகிமை மாதா ஆலயமும் இவ்வூரில் உள்ளது. மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன.

இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பலர் பனையோலை முடைவதில் கைதேர்ந்தவர். குருத்தோலையைச் சீவி, சாயமேற்றி, பெட்டி, கூடை, விசிறி, சிமிழ் எனப் பல பொருள்களை அவர்கள் செய்கின்றனர். வீட்டைவிட்டு வெளியே சென்று பொருளீட்ட இயலாத பெண்களுக்கு இக்கைத்தொழில் ஒரு பற்றுக்கோடு. செல்வோர் நெகிழிப் பொம்மைகளை விடுத்து ஓர் ஓலைப்பெட்டியை வாங்கிவருவது நினைவுப்பொருளாகவும் ஆகும். ஒரு குடும்பத்துக்கு உதவியாகவும் ஆகும்.

பாடு என்னும் பங்கீடு

பழவேற்காட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காட்சியும் உண்டு. அதுவே ‘பாடு’ என்னும் முறை. இதனைக் கேட்டறியாமல் திரும்புவோர் ஊரைப் பாதியளவே கண்டவராவர்.

முகத்துவாரத்திற்கு அருகே உள்ள நீர்ப்பரப்பில்தான் இறால் மிகுதியாகக் கிடைக்கும். நீர்வற்றத்தின்போது கழியிலிருந்து கடலுக்குத் திரும்பும் இறாலை, கழிகளை நட்டுக் கட்டிய சுத்துவலை தடுத்து நிறுத்தும். வலை கட்டத்தக்க நல்லிடங்களோ சில. அவற்றை விரும்புவோரோ பலர். வலியவர் முந்திக்கொள்வாராயின் எளியவர் பட்டினி கிடப்பர். இதனைத் தவிர்க்கவே முன்னோர் பாடு முறையை வகுத்தனர். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று குப்பத்தாரும் நாள் முறைவைத்து இவ்விடங்களில் வலை கட்டுவர். ஒரு குப்பத்துக்குள்ளும் உரிமையுடையோரிடையே சீட்டுக் குலுக்கி இடங்கள் ஒதுக்கப்படும். இன்று நல்லிடம் பெற்றவருக்கு மறுமுறை குறைந்த இடம் வாய்க்கலாம். ஆக, நற்பேறும் இழப்பும் சுழன்று வருகின்றன. எழுதிய சட்டம் இன்றி, ஊர்ப்பெரியோர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இம்முறை தலைமுறைகளாக நடந்துவந்துள்ளது. பொதுச் சொத்தை மக்கள் தாமே பேணும் முறைகளை ஆராயும் அறிஞர்கள் இதனைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பாட்டுரிமை மரபுவழி மீனவருள் குறிப்பிட்ட குப்பத்தாருக்கே உரியது. பின்னர் மீன்பிடிக்க வந்த பிற சாதியினர்க்கும் பிற ஊரார்க்கும் அது எட்டாததால் பூசல்கள் எழுந்ததுண்டு. இருளர் பழங்குடியினர் வலையும் படகும் இன்றி, மார்பளவு நீரில் அமர்ந்து கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை இட்டுவைக்கும் ஓலைப்பறியை வாயால் கவ்விக்கொள்கின்றனர். அக்காட்சியைக் காண்போர் அதனைப் படமெடுக்கும் வேடிக்கையாக எண்ணலாகாது. அன்றைய உணவுக்காக நடைபெறும் உழைப்பு அது.

ஏரியின் வளம் குறையக் குறையப் பங்கீட்டின் கடுமை கூடுகின்றது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012ஐ ஒட்டியும் செயற்படத் தொடங்கின. காட்டுப்பள்ளியை மேலும் விரிவாக்கும் திட்டம் கடலரிப்பை மிகுவிக்கும், கழியைக் கெடுக்கும் என அஞ்சிப் பழவேற்காட்டு மீனவர் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1979 முதல் செயற்கைக்கோள் ஏவுகலங்கள் விண்ணில் ஏவப்படுகின்றன. 2023 சூலை 14இல் சந்திரயான்-3 அங்கிருந்தே புறப்பட்டது. ஏவுகலம் எழும் காட்சி பழவேற்காட்டுக் கரையிலும் தெரியும். நாம் பெருமிதத்தோடு அண்ணாந்து நோக்கும் அந்நாளில், பாதுகாப்புக் கருதி மீனவர் கடலுக்குச் செல்லாது கரையில் இருக்க நேர்கின்றது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நீர் தரும் எச்சரிக்கை

2011 திசம்பர் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரியின் ஆழம் குறைவு என்னும் எண்ணமே மக்களை ஏமாற்றுகின்றது. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க ஓட்டம் கடுமையாகும், ஆழமும் மாறும், காற்று எழுந்தால் அலை உயரும். மீன்பிடி படகு வலையையும் மீனையும் சுமக்கவே அமைந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்டோர் நெருங்கி அமர்ந்து, ஒருவர் எழுந்தால் அனைவரும் எழுந்து ஒருபுறம் சாய்வாராயின் எத்துணை திறமையான படகோட்டியும் என்செய்வார்? படகோட்டியை மட்டும் குறைகூறுவதிற் பயனில்லை. இன்னும் இருவரை ஏற்றிக்கொள்க என வற்புறுத்தும் பயணியும், உயிர்காப்பு அங்கியின்றி அனுப்பும் உரிமையாளரும், விதியை வகுத்துவிட்டுக் கண்காணியாத அமைப்பும் இதில் பங்குடையவரே. சவாரியால் சிறுவருவாய் ஈட்டிய மீனவக் குடும்பங்களும் தடையால் அதனை இழந்தன. ஒரு நாளின் கவனமின்மை எத்தனை இல்லங்களைத் தொட்டது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

செல்வோர் கவனத்திற்கு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டித் தடத்துப் புறநகர் இரயிலில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். விடியற்பொழுதில் சேர்வது நன்று. பறவைகளைக் காணவும், கரைக்கு வரும் மீனையும் ஏலத்தையும் காணவும் அதுவே ஏற்ற நேரம். வெயில் ஏறுமுன் கல்லறைத் தோட்டத்தையும் கோயில்களையும் பார்த்துவிடலாம். பிற்பகலில் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் அமைந்த குப்பத்தையும் கடற்கரையையும் காணலாம். கடலில் இறங்கிக் குளிப்பதைத் தவிர்க்கவேண்டும். அனுமதியற்ற படகில் எவர் அழைப்பினும் ஏறலாகாது. குடிநீரும் குழந்தைகளுக்குரிய உணவும் எடுத்துச் செல்வது நலம்; ஆனால் கொண்டுசென்ற நெகிழிப் பையையும் புட்டியையும் மீண்டும் கொண்டுவந்துவிட வேண்டும். ஏரியில் எறியும் நெகிழி மீனவரின் வலையில்தான் சென்று சேரும். வலை உலர்த்தும் இடங்களை மிதித்துச் செல்வதும், கேளாமல் பெண்களைப் படமெடுப்பதும் தகாத செயல்கள். மீன் வாங்குவோர் கரையில் அமர்ந்து விற்கும் பெண்களிடமே வாங்கலாம். அளவுகடந்து பேரம் பேச வேண்டுவதில்லை.

விருந்தினராய்ச் செல்வோம்

கட்டணப் பூங்காவில் நாம் நுகர்வோர். அங்கே செலுத்திய பணத்திற்குக் களிப்பைக் கேட்டுப் பெறலாம். பழவேற்காட்டில் நாம் விருந்தினர். பிறர் உழைத்து வாழும் முற்றத்தில் நின்று அவர்தம் ஏரியையும் வரலாற்றையும் காண்கின்றோம். விருந்தோம்பலைப் பற்றி மிகுதியாகப் பேசும் தமிழ் நூல்களைக் கற்பிக்கும் நாம், விருந்தினர்க்கும் கடமை உண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்தவேண்டும். ஊர்ப்பெரியோர் தம் பெயரன் பெயர்த்தியரை அழைத்துச் சென்று, தாம் உடுத்தும் கைலியின் பெயர் எவ்வூரிலிருந்து வந்தது என்று காட்டலாம். ஆசிரியர்கள் நெய்தற் பாடல்களைக் கழிக்கரையிலேயே ஒருநாள் நடத்தலாம். மாணவச் செல்வங்கள் அரபுத்தமிழ் ஏடுகளையும், ஓலைத்தொழிற் சொற்களையும், மீனவர் வழக்கில் உள்ள வலைப்பெயர் மீன்பெயர்களையும் அவற்றை அறிந்த முதியோர் வாழும்பொழுதே தொகுத்து வைக்கலாம். ஏரி வாழ்ந்தால்தான் அச்சொற்கள் வாழும். அச்சொற்களை அறிந்தோர் பெருகினால் ஏரிக்காகப் பேசுவோரும் பெருகுவர்.